என் பெயரில் இருந்த சாவுப்பணம்

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். வலது மார்பைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டால் பத்து மணி முள் நிற்கும் இடம். 2.8 சென்டிமீட்டர். எங்கள் மலைநகரமான தானா ராத்தாவின் மருத்துவமனையில் தொட்டுப் பார்த்த இளம் மருத்துவர் இப்படித்தான் எழுதினார். அன்றைய நாட்குறிப்பில் நானும் அப்படியே எழுதினேன். வேறு எதையும் எழுதக் கை வரவில்லை.

எனக்கு நாற்பத்தொன்பது வயது. பெயர் லெட்சுமி. தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில் கொழுந்து எடை எழுதும் வேலை, இருபத்து மூன்று வருடமாக. எந்த மலையிலிருந்து எத்தனை கிலோ வந்தது, மழை ஈரத்துக்கு எத்தனை கழித்தது என்று நாள் முழுக்க எண்கள்தான். என் கணவர் தனபாலன் தோட்டத்து லோரி ஓட்டுகிறார். ஒரே மகள் நிரோஷா, வெளியூரில் தங்கிப் படிக்கிறாள். இது அவ்வளவும் என் நாட்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது. நோயைப் பற்றிச் சொல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள். மருந்துக்குப் பணம் தேடியதைப் பற்றித்தான் நான் சொல்லவேண்டும். மலைமேல் இருக்கும் எங்களைப் போன்றவர்கள் அந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறோம். நான் விழுந்தது என் கால் தடுக்கியே.

ஈப்போவில் இருக்கும் பெரிய அரசு மருத்துவமனைதான் எங்களுக்குப் பக்கம். பக்கம் என்றால் இரண்டேகால் மணி நேரம். காலை நாலரைக்குப் புறப்பட்டால் ஏழுக்கு முன் எண் சீட்டு எடுத்துவிடலாம். முதல் நாள் எங்கள் எண் 1046.

"ஆயிரம் பேரு முன்னாடி இருக்காங்களா? பேசாம நாளைக்கு வருவமா?" என்றார் என் கணவர்.

"ஆயிரத்துலேருந்துதான் எண்ணுறாங்க. அங்க போர்டைப் பாருங்க, ஆயிரத்தி முப்பத்தொம்பது ஓடுது. நமக்கு முன்னாடி ஆறு பேருதான்."

"உனக்கு மட்டும் எப்படித்தான் இதெல்லாம் கண்ணுல படுதோ."

திசு எடுக்கும் ஊசி அலுவலக ஸ்டேப்ளரைப் போல 'டக்' என்று சத்தம் போட்டது. நான்கு முறை. முடிவு வர பதினொரு நாள் ஆனது. அந்தப் பதினொரு நாளும் வேலைக்குப் போனேன். ஒரே ஒரு நாள் கூட்டல் தவறியது. அதையும் மறுநாள் கண்டுபிடித்துத் திருத்தினேன்.

மருத்துவர் ஒரு சீனப் பெண்மணி. மலாயில் நிதானமாகச் சொன்னார். புற்றுநோய்தான். இரண்டாம் நிலை. அதாவது கட்டி மார்போடும், அக்குளில் இருக்கும் ஒன்றிரண்டு நெறிக்கட்டிகளோடும் நிற்கிறது. நுரையீரல், கல்லீரல், எலும்பு என்று தூரமாகப் போகவில்லை. மார்பை எடுத்துவிட்டு மருந்து கொடுத்தால் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது. நான் 'நல்ல வாய்ப்பு' என்பதன் கீழே கோடு போட்டுக்கொண்டேன். என் கணவர் வெளியே வந்து, கார் நிறுத்துமிடத்தில் எங்கள் காடி நின்ற இடத்தை மறந்துவிட்டு மூன்று மாடி ஏறி இறங்கினார்.

அறுவைக்குப் பிறகு ஐந்து நாள் வார்டில் இருந்தேன். காயத்திலிருந்து ஒரு குழாய் வந்து சிறு புட்டியில் விழும். உள்ளே ஊறும் நீர் வெளியேற அது. ஒரு நாளில் முப்பது மில்லிக்குக் கீழே இறங்கினால் குழாயை எடுத்துவிடுவார்கள். தாதியர் அளப்பதற்கு முன் நானே அளவைப் பார்த்து எழுதிவைத்துவிடுவேன். 140, 95, 70.

"இந்த அக்கா ஆடிட் பண்ண வந்திருக்காங்கலா. எல்லாரும் ஒழுங்கா எழுதுங்க," என்றாள் தமிழ்த் தாதி ஒருத்தி. வார்டு முழுக்கச் சிரித்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த மலாய் அம்மா துண்டைச் சுருட்டி என் கைக்கு அடியில் எப்படி வைப்பது என்று காட்டிக்கொடுத்தார். அது வலிக்கு மாத்திரையைவிட நன்றாகக் கேட்டது. புட்டியோடுதான் வீட்டுக்குப் போனேன். ஒன்பதாம் நாள் 25. எடுத்துவிட்டார்கள்.

பணம் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. அதுவரை அரசு மருத்துவமனை என்பதால் நாங்கள் கட்டிய தொகை எங்கள் கைக்கு அடங்கியதாகவே இருந்தது. வெட்டியெடுத்த கட்டியைச் சோதித்த அறிக்கையில் ஒரு புரதம் அளவுக்கு மீறி இருப்பதாக வந்தது. அந்தப் புரதம் கட்டியை வேகமாக வளரத் தூண்டும். ஆனால் அதற்கென்றே ஒரு மருந்து இருக்கிறது, பெயர் டிராஸ்டுசுமாப். அந்தப் புரதத்தின் மேல் போய் உட்கார்ந்து அதன் வாயை அடைத்துவிடும் என்று மருத்துவர் படம் வரைந்து காட்டினார். முதல் நான்கு கீமோ சாதாரண மருந்து. ஐந்தாவது கீமோவோடு இந்த ஊசியைத் தொடங்கவேண்டும். மூன்று வாரத்துக்கு ஒன்று, மொத்தம் பதினேழு.

கீமோ மருந்துகளுக்குப் பிரச்சினை இல்லை. இந்த ஊசிக்கு மட்டும் மருத்துவமனையின் ஒதுக்கீடு குறைவு, வரிசை நீளம். வெளியே வாங்கினால் ஒரு ஊசி ஏறத்தாழ இரண்டாயிரம் ரிங்கிட், எங்கள் பேச்சில் வெள்ளி. எங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்து நான்காயிரத்தைத் தொடாது. சேமநிதியில் எடுக்கக்கூடிய பகுதியை, ஓய்வு பெற்றால் தோட்டத்து வீட்டை விடவேண்டுமே என்று ரிங்லெட்டில் ஒரு சின்ன வீட்டுக்கும், நிரோஷா படிப்புக்கும் ஏற்கெனவே எடுத்துவிட்டோம்.

"ஐந்தாவது கீமோவோடு தொடங்கத் தவறினால்?" என்று கேட்டேன்.

பிறகும் கொடுக்கலாம், ஆனால் சேர்த்துக் கொடுத்தால்தான் முழுப் பலன், ரொம்பத் தள்ளக் கூடாது என்றார் மருத்துவர். முதல் கீமோவிலிருந்து ஐந்தாவதுக்குப் பன்னிரண்டு வாரம். நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் பன்னிரண்டு கட்டம் போட்டேன்.

மருத்துவர் என்னை அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் மருத்துவ சமூகப் பணிப் பிரிவுக்கு அனுப்பினார். இப்படி ஒரு பிரிவு இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. நோயாளிக்குப் பண உதவி எங்கே கிடைக்கும் என்று பார்த்து, விண்ணப்பம் எழுதி அனுப்பும் அதிகாரிகள் அங்கே இருக்கிறார்கள். இதைப் படிக்கிறவர்கள் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: நோய் உறுதியான அன்றே அந்தக் கதவைத் தட்டுங்கள். யாரும் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள்.

எனக்கு வாய்த்த அதிகாரி சுகன்யா. முப்பது வயது இருக்கும், கிள்ளான் ஊர்ப் பெண்.

"பசியாறிட்டீங்களா ஆண்ட்டி?" என்றுதான் தொடங்கினாள். பிறகு வேண்டிய தாள்களைச் சொன்னாள். இருவருடைய சம்பளச் சீட்டு, அடையாளக் கார்டு நகல், மகளின் கல்லூரிக் கடிதம், மருத்துவர் கடிதம், மருந்துக்கு விலைச்சீட்டு, எல்லா வங்கிக் கணக்குகளுக்கும் ஆறு மாத அறிக்கை. பெரும்பாலானவர்கள் இதற்கு ஐந்து முறை மலை ஏறி இறங்குவார்களாம். நான் அடுத்த முறை போகும்போது எல்லாவற்றையும் வரிசைப்படி நூல் கோத்துக் கொடுத்தேன்.

"எனக்கு இங்க ஒரு வேல காலி இருக்கு ஆண்ட்டி, வரீங்களா?" என்றாள்.

சுகன்யா கொடுத்த உதவி விண்ணப்பப் பாரத்தை நானே நிரப்பினேன். விண்ணப்பிப்பவர் பெயரில் உள்ள எல்லா வங்கிக் கணக்குகளும், இருப்பும் என்று ஓர் இடம். என் பெயரில் இரண்டு கணக்கு. இரண்டையும் காசு சுத்தமாக எழுதினேன். கேட்டதற்குப் பதில் எழுதுவதும் கேட்காததை எழுதாமல் விடுவதும் அலுவலகப் பழக்கம். அன்று அதில் பெருமைகூடப் பட்டேன்.

நான்காவது வாரம், இரண்டாவது கீமோ முடிந்த ஐந்தாம் நாள் சுகன்யா கூப்பிட்டாள். கீமோவுக்குப் பிறகு மலை ஏறும் வளைவுகளில் குடலே வெளியே வந்துவிடும்போல இருக்கும். என் கணவர் லோரி ஓட்டும் ஆள். எனக்காகக் காடியை நடைவேகத்தில் ஓட்டப் பழகியிருந்தார். தாளிக்கும் வாசனை ஆகாது என்று தாளிக்காத ரசம் வைக்கவும் கற்றுக்கொண்டிருந்தார். அதைக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் கைப்பேசி அடித்தது.

"ஆண்ட்டி, கொஞ்சம் கஷ்டமான விசயம். அப்ளிகேசன் ரிஜெக்ட் ஆயிடுச்சு. சேமிப்பு அதிகமா இருக்குன்னு எழுதியிருக்காங்க."

"எந்தச் சேமிப்பு மிஸ்?"

"ரெண்டாவது அக்கவுண்ட். பதினெட்டாயிரத்து அறுநூத்தி நாப்பது வெள்ளி."

"அது என் காசு இல்லியே!"

"உங்க பேருலதானே ஆண்ட்டி இருக்கு?"

அது எங்கள் தோட்டத்து மரண சகாய நிதி. நாற்பத்தொரு குடும்பம், குடும்பத்துக்கு மாதம் பத்து வெள்ளி. யார் வீட்டில் இறப்பு நடந்தாலும் உடல் வீடு வருமுன் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி அந்த வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும். பெட்டி, வேன், பந்தல், வருகிறவர்களுக்குத் தேநீர். பெற்றோர் காலத்தில் பணம் ஒரு பால்மாவு டின்னில் இருந்தது. பதினொரு வருடத்துக்கு முன் நான் செயலாளர் ஆனதும், இது ஒழுங்கில்லை, வங்கியில்தான் இருக்கவேண்டும் என்று நின்றேன். பதிவு செய்யாத சங்கத்தின் பெயரில் கணக்குத் திறக்க முடியாது என்று வங்கியில் சொன்னார்கள். பதிவு செய்யலாம் என்று முடிவெடுத்தோம், ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் என்று விட்டோம். அதுவரைக்கும் என்று என் பெயரில் தனிக் கணக்கு. என் சம்பளக் கணக்கோடு ஒரு காசு கலந்ததில்லை. சாவு வங்கி திறக்கும் நேரம் பார்த்து வராது. என் கையில் அட்டை இருந்ததால் எந்த நேரத்திலும் பணம் எடுத்துக் கொடுக்க முடிந்தது. நான் செய்ததிலேயே சுத்தமான வேலை இது என்று நினைத்திருந்தேன்.

"இன்னிக்கே அம்புட்டையும் எடுத்துப் பெரியசாமி அண்ணன் கையில குடுத்துருவோம். வேற பாரம் போடுவோம். கணக்குல காசே இல்லன்னு ஆயிரும்ல," என்றார் என் கணவர். பெரியசாமி எங்கள் மண்டோர், மலையில் ஆட்களை வேலை வாங்குபவர். நிதிக்கு அவர்தான் தலைவர்.

சுகன்யாவிடம் கேட்டேன். "ஐயோ, வேணாம் ஆண்ட்டி. ஆறு மாசக் கணக்கு பாப்பாங்க. திடீர்னு பதினெட்டாயிரம் காணாம போனா மறைச்சிட்டீங்கன்னு நெனப்பாங்க. அப்புறம் நானே வந்து பேசினாலும் எடுபடாது. அது உங்க காசு இல்லன்னு காட்டுங்க. தாளால காட்டுங்க."

அன்று பகல் முழுக்கப் படுத்தபடி யோசித்தேன். என் மருந்தைவிட இன்னொன்று பெரிதாகத் தெரிந்தது. நான் இறந்தால் வங்கி என் பெயரில் உள்ள கணக்குகளை முடக்கும். நாற்பத்தொரு குடும்பத்தின் சாவுப்பணமும் என்னோடு மாட்டிக்கொள்ளும். அதைக் கணவரிடம் சொன்னேன்.

"அப்ப உன் சாவுக்கே அதுலேருந்து எடுக்க முடியாதா?" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. நோய் வந்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

ஆறாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி, ஆயாக்கொட்டகையில் கூட்டம். அந்தக் காலத்தில் கொழுந்து பறிக்கப் போன தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுச்சென்ற கொட்டகை அது. இப்போது கூட்டத்துக்கும் பிறந்தநாள் விருந்துக்கும் பயன்படுகிறது. கீமோவால் எனக்கு வெள்ளையணுக்கள் குறைந்திருந்தன. அவை நோய்க்கிருமிகளை எதிர்க்கும் அணுக்கள். குறைந்தால் கூட்டத்தில் உட்காரக் கூடாது. முகக்கவசம் போட்டு வாசலுக்கு வெளியே, தகரத்தின் கீழ் நாற்காலியில் உட்கார்ந்தேன். நல்ல மழை. கத்திப் பேசவேண்டியிருந்தது.

நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். எனக்கு வேண்டியது மூன்று. நிதியை என் பெயரிலிருந்து மாற்றவேண்டும். இது எல்லோருடைய பணம் என்று நாற்பத்தொரு குடும்பமும் பெயர், அடையாளக் கார்டு எண்ணோடு கையெழுத்திடவேண்டும். சங்கத்தைப் பதிவு செய்யவேண்டும்.

தொழிற்சாலையில் வேலை செய்யும் பிரேமா முதலில் கேட்டாள்: "உங்க பேருலதான் இருக்குன்னு ஏன்க்கா சொல்லவே இல்ல?"

"வருசா வருசம் கணக்குப் படிக்கிறேனேமா."

"கணக்குப் படிச்சீங்க. யாரு பேருன்னு படிக்கலையே."

அவள் சொன்னது சரி. பதினொரு வருட அறிக்கையிலும் அந்த ஒரு வரி இல்லை.

"என்னாலா இது பேச்சு," என்றார் பெரியசாமி. "அக்காவுக்கு மருந்து வேணும். காசு நம்மகிட்ட இருக்கு. எடுத்துக் குடுத்துட்டுப் போவோம்."

ஆமாம், ஆமாம் என்று நான்கைந்து குரல்.

"அது சாவுக்காசுண்ணே. நான் இன்னும் சாகல," என்றேன்.

சிரிப்பு எழுந்து அடங்கியது. அப்போது முனியாண்டி எழுந்து நின்றார்.

"எங்கிட்டயும் இதையேதான சொன்னீங்க," என்றார்.

முனியாண்டி மருந்து தெளிக்கும் வேலை செய்பவர். மூன்று வருடத்துக்கு முன் அவர் மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று முறை இரத்தம் சுத்திகரிக்கப் போகவேண்டியிருந்தது. வண்டிச் செலவுக்கு நிதியிலிருந்து ஐந்நூறு கடன் கேட்டார். இறப்புக்கு மட்டும்தான், விதி அப்படி என்று சொல்லி அனுப்பினேன். எட்டு மாதம் கழித்து அந்த அம்மா இறந்தபோது இரண்டு மணி நேரத்துக்குள் ஆயிரத்து ஐந்நூறைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் என் முன்னாலேயே அதை எண்ணினார். அன்றிலிருந்து வழியில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவார்.

"செத்தாத்தான் காசுன்னீங்க. இப்ப அந்தக் காசு உங்க பேருல இருக்கங்காட்டி நீங்களே சாவப் பாக்குறீங்க," என்றார். "நான் கையெழுத்துப் போடுறேன். சும்மா போட மாட்டேன். மொதல்ல புஸ்தகம் முழுக்க நான் படிக்கணும். ரெண்டாவது, உசுரோட இருக்கிற நோயாளிக்கு ஆஸ்பத்திரி போக்குவரத்துக்குக் குடுக்கலாம்னு விதியில எழுதணும்."

யாரோ அவரை உட்காரச் சொன்னார்கள்.

"உக்கார வேணாம். அவரு கேக்குறது நியாயம்," என்றேன். முகக்கவசம் இருந்தது நல்லதாகப் போயிற்று. "அந்த விதியை எழுதுங்க. ஆனா நான் செயலாளரா இருக்கிறவரைக்கும் அது எனக்குச் சேராதுன்னும் எழுதுங்க. இல்லன்னா எனக்காகவே மாத்தினேன்னு ஆயிரும்."

"ஒங்க பிடிவாதம் இருக்கே," என்றார் முனியாண்டி. ஆனால் உட்கார்ந்தார்.

பதிவு முடியும்வரை பணம் மூன்று பேர் பெயரில் கூட்டுக் கணக்கில் இருக்கட்டும் என்று முடிவானது. பெரியசாமி, பிரேமா. மூன்றாவது முனியாண்டி என்று நான் சொன்னேன்.

"நானா? எனக்கு உங்க மேல சந்தேகம் இருக்குன்னு இப்பத்தான சொன்னேன்?"

"அதுக்குத்தான்."

"அப்ப எனக்கு நோய் வந்தா, என் பேருல காசு இருக்குன்னு எனக்கும் இல்லம்பாங்களா?"

"அதுக்குத்தான் பதிவு. சீக்கிரம் ஆகலன்னா நீங்கதான் சத்தம் போடணும்."

அவர் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பதினொரு வருடப் புத்தகத்தையும் விரல் வைத்துப் படித்தார். நான் உள்ளே படுத்திருந்தேன். என் கணவர் இரண்டு முறை தேநீர் கொண்டுபோய் வைத்தார். ஐந்து மணிக்கு ஜன்னல் பக்கம் வந்து, "ஒரு எடத்துல பத்து வெள்ளி ரெண்டு தடவ வரவு வச்சிருக்கீங்க, ஏழாவது வருசம்," என்றார். பார்த்தேன். உண்மைதான். அதற்கு நேராக அடுத்த மாதம் கழித்திருந்ததையும் காட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

கூட்டத்தன்று முப்பத்து மூன்று கையெழுத்து கிடைத்திருந்தது. இப்போது முப்பத்து நான்கு. மிச்சம் ஏழு பேர், தோட்டத்தைவிட்டுப் போன பிறகும் சந்தா கட்டுகிறவர்கள். என் கணவரும் பெரியசாமியும் தானா ராத்தா, ரிங்லெட், லெம்பா பெர்த்தாம் என்று மூன்று மாலை அலைந்தார்கள். லெம்பா பெர்த்தாம் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தம்பி அடையாளக் கார்டு எண்ணைத் தர மறுத்தான். அவன் கூட்டாளி ஒருவன் யாருக்கோ எண்ணைக் கொடுக்க, அந்தக் கூட்டாளியின் பெயரில் யாரோ கடன் வாங்கிவிட்டார்களாம். கைப்பேசியில் நான் பேசினேன்.

"தம்பி, உங்க அப்பா செத்தப்ப காசு கொண்டாந்து குடுத்தது யாரு?"

"நீங்கதான்க்கா."

"அப்ப உங்க ஐசி நகல் வாங்கினேனே, ஞாபகம் இருக்கா? அந்த நம்பர் எட்டு வருசமா எங்கிட்டதான் இருக்கு. கடன் வாங்கணும்னா எப்பவோ வாங்கியிருப்பேன்."

அவன் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டான். நாற்பத்தொன்று முடிந்தது.

தோட்டத்துத் துரை, அதாவது மேலாளர், இப்போது இருப்பவர் ஓர் இளம் மலாய்க்காரர், இந்த நிதி தொழிலாளர்களுடையது என்று நிறுவனத் தாளில் கடிதம் கொடுத்தார். தானா ராத்தாவில் சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்டேன். சொல்வது உண்மை, பொய்யென்றால் தண்டனைக்கு உட்படுவேன் என்று சட்டப்படி எழுதிக் கொடுக்கும் தாள் அது. பிறகு வங்கி. மூவரும் வந்திருந்தார்கள், முனியாண்டி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பணம் முழுவதும் புதிய கணக்குக்குப் போனது. என் சம்பளக் கணக்கின் அறிக்கையை அச்சடித்துக் கொடுத்தார்கள். இருப்பு 412 வெள்ளி 60 காசு. அத்தனை சிறிய எண்ணைப் பார்த்து அவ்வளவு நிம்மதி அடைந்தது அன்று ஒரு நாள்தான்.

எட்டாவது வாரம் எல்லாவற்றையும் சுகன்யாவின் மேசையில் வைத்தேன். இந்த முறை கேட்காததையும் எழுதியிருந்தேன், தனித் தாளில் ஒன்றரைப் பக்கம். அவள் நாற்பத்தொரு கையெழுத்தையும் பக்கம் பக்கமாகப் பார்த்தாள்.

"இவ்ளோ பேரும் நீங்க ஏமாத்தலன்னு எழுதிக் குடுத்திருக்காங்க ஆண்ட்டி," என்றாள்.

"ஒருத்தரு படிச்சுப் பாத்துட்டு எழுதியிருக்காரு," என்றேன்.

மருந்துக்கு உதவும் நிதியில் முடிவெடுக்கும் குழு மாதம் ஒரு முறைதான் கூடும். மூன்று வாரம் காத்திருந்தோம். நிரோஷா தன் வளையலையும் சங்கிலியையும் ஒரு கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து மேசையில் வைத்தாள். படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறேன் என்றாள். கடையில் எடை போட்டு விலை கேட்டு வரச் சொன்னேன். ஒன்றரை ஊசிக்கு வந்தது. "இதைத் தனியா எடுத்து வையி. அவங்க இல்லன்னு சொன்னா, மொத ஊசி இதுலதான். படிப்பப் பத்தி இனிமே பேசக் கூடாது," என்றேன். நான்காவது கீமோவில் வாய் முழுக்கப் புண் வந்தது. இதயம் மருந்தைத் தாங்குமா என்று எக்கோ எடுத்தார்கள். ஒலியலையால் இதயம் துடிப்பதைத் திரையில் பார்ப்பது. தாங்கும் என்றார்கள். உடம்பு தயாராக இருந்தது. பணம் மட்டும் இல்லை.

ஐந்தாவது கீமோவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, புதன்கிழமை காலை பதினொன்றேகாலுக்குச் சுகன்யா கூப்பிட்டாள்.

"ஆண்ட்டி, பாஸ் ஆயிடுச்சு!"

என் கணவர் அகப்பையோடு கதவோரம் நின்றார். அவரைப் பார்த்துத் தலையாட்டினேன்.

"ரொம்ப நன்றி மிஸ். எத்தனை ஊசிக்கு?"

"பன்னண்டு."

"பதினேழுல பன்னண்டு. மிச்சம் அஞ்சுக்கு?"

"ஆண்ட்டி! அதுக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கு. மொதல்ல இத ஆரம்பிங்க."

"எட்டு மாசம் போதாது மிஸ். இந்த ஒரு பாரத்துக்கே பதினோரு வாரம் போயிருக்கு. வேற எங்க கேக்கலாம்? பாரம் இருந்தா எடுத்து வைங்க. திங்கக்கெழம ஊசிக்கு வரும்போது வாங்கிக்கிறேன்."

அந்தப் பக்கம் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. "ரெண்டு எடம் இருக்கு ஆண்ட்டி. ரெண்டு பாரமும் எடுத்து வைக்கிறேன்."

திங்கட்கிழமை ஏழு மணிக்கு முன்பே எண் சீட்டு எடுத்தோம். முதல் ஊசி என்பதால் மெதுவாக, ஒன்றரை மணி நேரம் ஏற்றவேண்டும் என்று தாதி சொன்னாள். அறுவை செய்த பக்கத்துக் கையில் குத்தக் கூடாது என்பதால் மருந்து இடது கையில் ஏறியது. வலது கை சும்மா இருந்தது. பேனாவை எடுத்து, சுகன்யா தந்த இரண்டு பாரத்தில் முதலாவதை நிரப்பத் தொடங்கினேன்.